ஓதப்பள்ளியும் ஞாயிறு பாடசாலையும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் சிறார் சமயக் கல்வியின் வரலாறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறாவூரிலிருந்து கல்முனை நோக்கி எழுவான்கரை வீதியில் போகிறவர் ஒரே காட்சியை மூன்று விதமாகக் காண்பார். தேவாலயத்தில் ஓய்வுநாட் பாடசாலை நடக்கும். கோயில் மண்டபத்தில் அறநெறி வகுப்பு. முஸ்லிம் ஊர்களில் அரசாங்கப் பாடசாலைக் கட்டடத்தில் அஹதிய்யா. வரவு இடாப்பு, வயதுவாரி வகுப்பு, பாடத்திட்டம், ஆண்டிறுதிப் பரீட்சை, பரிசளிப்பு விழா எல்லாம் மூன்றுக்கும் பொது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த அமைப்பு இக்கரையில் இருக்கவில்லை. மதம் மாற்ற வந்த மிஷன் கொண்டுவந்த வகுப்பு முறையை, மிஷனுக்கு எதிராக நின்றவர்களே எடுத்துத் தம் பிள்ளைகளைத் தம் சமயத்தில் நிறுத்திக்கொள்ளப் பயன்படுத்தினார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கு முழுதாக இடங்கொடாமல் நின்றது ஒன்றே ஒன்று: முஸ்லிம் ஊர்களின் ஓதப்பள்ளி.

மிஷன் வருவதற்கு முன்பு இங்கே சைவப் பிள்ளைக்குச் சமயம் சொல்லித்தரத் தனியாக ஒரு வகுப்பு இருந்ததில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் இரு கரையிலும், எழுவானிலும் படுவானிலும், விஜயதசமியன்று ஏடு தொடக்குவார்கள். அண்ணாவியாரின் திண்ணையில் மணலில் விரல் பிடித்து அரிச்சுவடி, பிறகு ஆத்திசூடி, கொன்றைவேந்தன். சமயம் என்பது பிள்ளை பார்த்தும் கேட்டும் பழகியது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து குளிர்ச்சி முடியும் வரை கண்ணகி வழக்குரை படிக்கப்படும். தாயின் மடியில் தூங்கித் தூங்கி விழித்தபடி பிள்ளை அதைக் கேட்கும். வீ. சி. கந்தையா 1968இல் அந்நூலைப் பதிப்பிக்கும் வரை அது ஏட்டிலும் படிப்போரின் தொண்டையிலுமே வாழ்ந்தது. கூத்துக் களரியும் இன்னொரு பள்ளி. கூத்துப் பழக்கியவரையும் எழுத்துப் பழக்கியவரையும் ஊர் அண்ணாவியார் என்றே அழைத்தது. இதற்குப் பாடத்திட்டமோ பரீட்சையோ கிடையாது. ஆனால் இவ்வளவையும் கேட்டு வளர்ந்த பிள்ளையைச் சமயம் தெரியாத பிள்ளை என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காத்தான்குடி, ஏறாவூர் முதலிய முஸ்லிம் ஊர்களில் நிலைமை வேறு. அங்கே பிள்ளையின் சமயக் கல்விக்கென்றே ஓர் இடம் இருந்தது. நாலைந்து வயதானதும் பிள்ளையை லெப்பையிடம் 'ஓத' அனுப்புவார்கள். பள்ளிவாசலின் தாழ்வாரமாகவோ, லெப்பையின் வீட்டு முன்கூடமாகவோ அந்த இடம் இருக்கும். மரப்பலகையில் மையால் அலிப், பே எழுதிக் கொடுப்பார்கள். பாடம் நாவில் ஏறியதும் பலகையைக் கழுவிக் காயவைத்து அடுத்த பாடம். எழுத்துக்குப் பிறகு குறி சேர்த்து உச்சரிப்பது, பிறகு சிறிய சூராக்கள் அடங்கிய அம்ம ஜுஸ்உ. அதன்பின் முழுக் குர்ஆன். ஓதி முடித்த நாளில் வீட்டில் விருந்து. முப்பது பிள்ளைகள் இருந்தால் முப்பது பாடம் நடக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் பக்கத்தைத் தன் வேகத்தில் உரக்க ஓதும். லெப்பை கண்ணை மூடியபடியே பிழை விட்டவனைப் பெயர் சொல்லித் திருத்துவார். வெளியே நின்று கேட்பவருக்கு அது வெறும் இரைச்சல். உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொரு குரலும் தனித்தனி.

பெண் பிள்ளைகள் எங்கே ஓதினார்கள் என்பதைக் கல்வி வரலாறுகள் பெரும்பாலும் கடந்து போகின்றன. இக்கரையில் குடிவழி தாய்வழி. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். சைவருக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொது. அக்கா, தங்கை, பெரியம்மா, சாச்சி என்று ஒரு வளவைச் சுற்றி ஒரே தாய்வழிப் பெண்கள் குடியிருப்பார்கள். ஓதத் தெரிந்த ஒரு பெண் அந்த வளவில் இருந்தால் அவர் வீடே ஓதப்பள்ளி. பெண் பிள்ளை தெருவைத் தாண்ட வேண்டியதில்லை, கூலி என்று பெரிதாக எதுவும் இல்லை, அரிசியோ தேங்காயோ போதும். ஆண்கள் நடத்திய மத்ரசாக்களுக்குப் பெயர்ப்பலகையாவது மிஞ்சியது. இந்த வீடுகளுக்கு அதுவும் இல்லை. தாய்வழிக் குடியிருப்புத்தான் பெண்கள் ஓதிக்கொடுக்கும் மரபை இங்கு நிலைக்கவைத்தது என்பது என் கணிப்பு.

ஓதப்பள்ளிக்குத் துணையாக அரபுத்தமிழ் இருந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் இந்த முறையில், எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளை தமிழில் மார்க்கச் சட்டம் படித்துவிடலாம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்களின் அரபுத்தமிழ் நூல்கள் பாக்குநீரிணையின் இருபுறமும் புழங்கின. தமிழ் எழுத்துத் தெரியாதவர் என்று குடிமதிப்பில் பதியப்பட்ட பெண்களில் எத்தனையோ பேர் இவற்றை வாசித்திருப்பார்கள். அவர்களை எழுத்தறிவற்றோர் பட்டியலில் சேர்த்த கணக்கை நான் நம்புவதில்லை.

1814ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் புளியந்தீவில் வந்திறங்கினார். அவரையும் தோழர்களையும் அழைத்துப் புறப்பட்ட தோமஸ் கோக் அதே ஆண்டு மே 3இல் கப்பலிலேயே இறந்துபோயிருந்தார். ஓல்ட்டும் நெடுநாள் இருக்கவில்லை. 1815 ஏப்ரல் 1இல் காலமானார். அந்த எட்டு மாதத்துக்குள் அவர் தொடங்கிவைத்த பள்ளியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1820இல் பெண்களுக்கான பள்ளி வந்தது. பின்னாளில் அது வின்சென்ட் மகளிர் பாடசாலை. கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி 1873இல். அவர்களுக்கு ஞானோபதேச வகுப்பு ஏற்கெனவே பழக்கம். மெதடிஸ்தர் கொண்டுவந்த புதுமை ஞாயிறு பாடசாலை.

இதன் பிறப்பிடம் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரம். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு என்பதால், அன்று வாசிப்பும் வேதமும் சொல்லிக்கொடுக்க 1780இல் ரொபர்ட் ரெய்க்ஸ் தொடங்கியது. வாவிக்கரையில் ஞாயிறு பெரும்பாலோருக்கு ஓய்வுநாளாக இருந்ததில்லை. வேளாண்மை மழையைப் பார்த்து நடந்தது, மீன்பிடி நிலவைப் பார்த்து நடந்தது, முஸ்லிம்களுக்கு வெள்ளிதான் நாள். ஞாயிற்றை விடுமுறையாக்கியது கச்சேரியும் மிஷன் பள்ளியும். பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அதற்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடைத்தது. பிற்காலத்தில் மூன்று சமயமும் அந்த நாளுக்காகப் போட்டிபோட்டதன் வேர் இங்கே இருக்கிறது.

மிஷனின் கருவியை எடுத்து மிஷனுக்கே எதிராகத் திருப்பியவர்கள் நம்மவர்கள் மட்டும் அல்லர். 1838இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ரெபெக்கா கிராட்ஸ் என்ற யூதப் பெண்மணி எபிரேய ஞாயிறு பாடசாலையைத் தொடங்கினார். யூதரின் ஓய்வுநாள் சனிக்கிழமை. ஆயினும் வகுப்பு ஞாயிற்றில் வைத்தார், ஏனெனில் அங்கே பிள்ளைகளுக்கு அன்றுதான் ஓய்வு. தமக்கெனப் பாடநூல் இல்லாத தொடக்க நாட்களில் புரட்டஸ்தாந்தரின் வினாவிடைப் புத்தகத்தையே கையாண்டார்கள். யூதப் பிள்ளைக்கு ஒவ்வாத விடைகளின் மேல் காகிதத் துண்டு ஒட்டி மறைத்திருந்ததாக அங்கு படித்த மாணவி ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஒட்டிய காகிதத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று உரித்துப் பார்க்காத பிள்ளை இருந்திருக்குமா?

பத்தாண்டு கழித்து யாழ்ப்பாணத்தில் நடந்ததும் இதன் உடன்பிறப்பு. ஓல்ட் சேர்ந்திருந்த அதே வெஸ்லியன் மிஷனின் யாழ்ப்பாணப் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாலபாடங்கள் எழுதினார், சைவ வினாவிடை எழுதினார். கேள்வி, அதற்கு நேர்விடை, மனனம் என்ற வினாவிடை முறை மிஷன் பள்ளியில் அவர் கண்டு தேர்ந்தது. உள்ளே இருந்தது சைவ சித்தாந்தம். காகிதம் ஒட்ட வேண்டிய தேவை அவருக்கு இல்லை, அச்சகமே கையில் இருந்தது. பௌத்தருக்கு ஒல்கொட் 1881இல் வினாவிடை எழுதினார்; 1895இல் காலியில் முதல் பௌத்த ஞாயிறு பாடசாலை தொடங்கியது. முஸ்லிம்களிடையே கண்டி வழக்கறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, ஓதலோடு நின்றுவிடாத கல்வி வேண்டும் என்று வாதிட்டார்.

மட்டக்களப்பில் இந்த அலை சற்றுப் பிந்தி, ஆனால் தனி முகத்தோடு வந்தது. 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் கல்முனையில் மிஷன் பள்ளியிலும் பிறகு புனித மிக்கேலிலும் படித்தவர். 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆன அவர் அடுத்த ஆண்டு இலங்கை திரும்பி இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. நாவலரிடம் இருந்த கண்டனக் குரல் விபுலாநந்தரிடம் இல்லை. மிஷன் பள்ளியைத் திட்டுவதைவிட அதற்கு நிகரான பள்ளியைக் கட்டுவதே அவர் வழி. சைவப் பிள்ளை ஆங்கிலமும் விஞ்ஞானமும் படிக்க இனித் தன் சமயத்தை வாசலில் விட்டுவரத் தேவையில்லை என்ற நிலையை இம்மாவட்டத்தில் உருவாக்கியதில் அவருக்குள்ள பங்கு பெரிது.

1960இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிபெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசின் கையில் சேர்த்தன. மிஷன் பள்ளி, இராமகிருஷ்ண மிஷன் பள்ளி இரண்டுக்கும் ஒரே கதி. சமயம் அரசாங்கப் பாடமாயிற்று. ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தையே படிக்கும். சைவநெறி, இஸ்லாம், கிறிஸ்தவம், கத்தோலிக்கம் என்று தனித்தனிப் பாடநூல். சாதாரண தரப் பரீட்சையில் கட்டாயப் பாடம். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் எழுபத்தைந்துக்கு மேல் புள்ளி எடுத்து 'ஏ' சித்தி பெற்ற பிள்ளைக்குத் தேவாரம் ஒன்றைப் பண்ணோடு பாடவோ, ஒரு சூராவைப் பிழையின்றி ஓதவோ வரவில்லை என்ற குறையும் அதனுடனேயே பிறந்தது. அறநெறிப் பாடசாலையும் அஹதிய்யாவும் இந்த இடைவெளியில் வளர்ந்தவை. வேடிக்கை என்னவென்றால், பரீட்சைப் படிப்பின் குறையைத் தீர்க்க வந்த இவற்றுக்கும் திணைக்களப் பதிவும் பாடநூலும் இறுதிப் பரீட்சையும் சான்றிதழும் வந்து சேர்ந்தன.

ஓதப்பள்ளி மட்டும் ஏன் தப்பியது? யூதரின் வரலாறு இங்கே துணைசெய்கிறது. பிள்ளைகளுக்கு ஆறேழு வயதில் பாடம் தொடங்க ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தும்படி கம்லாவின் மகன் யோசுவா என்ற தலைமைக் குரு ஏற்பாடு செய்தார் என்கிறது தல்மூத். அவர் காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. ஓர் ஆசிரியருக்கு இருபத்தைந்து பிள்ளை என்ற அளவும் அதே இடத்தில் உண்டு. பிற்கால ஐரோப்பாவில் கெதர் எனப்பட்ட ஓரறைப் பள்ளியில் பிள்ளை எபிரேய எழுத்தைக் கூட்டி உரக்க வாசித்தது. முதல் நாளில் எழுத்தின் மேல் தேன் தடவி நக்கக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. கேரளத்துப் பறவூர், சேந்தமங்கலம் யூதத் தொழுகைக்கூடங்களில் பெண்கள் அமரும் மேல்தளத்தையொட்டிப் பிள்ளைகளின் வகுப்பறை கட்டப்பட்டிருந்தது. கெதரும் ஓதப்பள்ளியும் ஒரே வேலையைச் செய்தன: வழிபாட்டு மொழி வீட்டு மொழியாக இல்லாத பிள்ளையின் நாவை அம்மொழிக்குப் பழக்குவது. நாவைத் திருத்த ஒரு காது அருகில் வேண்டும், அதுவும் நாள்தோறும் வேண்டும். வாரத்தில் ஒரு நாள், நாற்பது பிள்ளைக்கு ஒரே பாடம் என்ற ஞாயிறு முறையால் அது ஆகாது. ஆகவேதான் அஹதிய்யா வந்த பிறகும் குர்ஆன் மத்ரசா மாலைதோறும் நடக்கிறது. பலகை போய்ச் சிலேட்டும் அச்சிட்ட கிதாபும் வந்தன, லெப்பை இருந்த இடத்தில் மௌலவி இருக்கிறார், முறை அப்படியே இருக்கிறது.

போர்க்காலம் இந்த வகுப்புகளைச் சுருக்கியது. 1990க்குப் பிறகு பல மாலைகளில் பிள்ளையை வெளியே அனுப்பும் துணிவு எந்தச் சமூகத்துக்கும் இருக்கவில்லை. அதற்கும் மேலான கொடுமை அமைதிக் காலத்தில் வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு பாடசாலை முடிந்து சிற்றுண்டிக்காக வெளியே நின்ற பிள்ளைகள் மாண்டவர்களில் இருந்தார்கள். தொடர்ந்து நாடெங்கும் மத்ரசா மீது சந்தேகப் பார்வை விழுந்தது. அந்த விவாதத்தில் பேசியவர்களில் பலர் இரண்டு வேறு நிறுவனங்களைக் குழப்பிக்கொண்டார்கள். ஆலிம்களை உருவாக்கும், மாணவர் தங்கிப் படிக்கும் அரபுக் கல்லூரி ஒன்று. ஐந்து வயதுப் பிள்ளை மாலையில் ஒரு மணிநேரம் அலிப், பே ஓதிவிட்டு வீடு திரும்பும் குர்ஆன் மத்ரசா இன்னொன்று. ஒழுங்குவிதி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எதற்கு என்ன விதி என்று தெரிந்து விதிக்க வேண்டும்.

இன்று மூன்று வகுப்புக்கும் பொது எதிரி ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. ஞாயிறு காலை ரியூசன் வகுப்புகளை நிறுத்த வேண்டும் என்று எல்லாச் சமயத் தலைவர்களும் கேட்கிறார்கள். இந்த ஒரு கோரிக்கையில் அவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

இந்த வரலாற்றின் பெரும்பகுதி இன்னும் எழுதப்படவில்லை. மிஷன் தன் அறிக்கைகளைக் காத்துவைத்தது. ஓதிக்கொடுத்த பெண்களும் திண்ணை அண்ணாவிமாரும் எதையும் எழுதிவைக்கவில்லை. வாவிக்கரை வீடுகளில் பழைய ஓதற்பலகை, அரபுத்தமிழ்க் கையேடு, ஓய்வுநாட் பாடசாலைப் பரிசுப் புத்தகம், வரவு இடாப்பு எது கிடந்தாலும் எறிந்துவிடாமல் படம் எடுத்து நூலகம் நிறுவனத்தின் எண்ணிம ஆவணகத்துக்கோ கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ தரும்படி கேட்டுக்கொள்கிறேன். ஓதிக்கொடுத்த மூதாட்டிகள் உங்கள் வளவில் இருந்தால், அவர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள்.