பக்க எண் யாருக்குச் சொந்தம்?

இன்னைக்கு ஒரு விசித்திரமான வழக்கைப் பத்திப் பேசப் போறோம். ரெண்டு பெரிய கம்பெனிங்க பக்க எண்ணுக்காகக் கோர்ட்டுக்குப் போன கதை இது.

அமெரிக்காவில் நீதிபதி எழுதுற தீர்ப்புக்கு யாரும் காப்புரிமை கொண்டாட முடியாது. அங்கத்திய உச்ச நீதிமன்றம் இதை 1834-லேயே சொல்லிடுச்சு. ஆனா அந்தத் தீர்ப்புகளை யாராவது தொகுத்து, அச்சடிச்சு, புத்தகமாக் கொண்டுவரணும் இல்லையா? மினசோட்டா மாநிலம் செயின்ட் பால் நகரத்தில் இருந்த வெஸ்ட் பப்ளிஷிங் 1870-களிலிருந்து அதைச் செஞ்சுது. 'பெடரல் ரிப்போர்ட்டர்' என்ற அவங்க தொகுப்புதான் வக்கீல்களோட அன்றாட ஆதாரம். ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டணும்னா தொகுதி எண், புத்தகத்தோட பெயர், பக்க எண், இந்த மூணும் வேணும். அதாவது, தீர்ப்பு பொதுச் சொத்து. அதோட முகவரி மட்டும் ஒரு தனியார் கம்பெனியோட புத்தகத்தில்.

இந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் உள்ளே வருது. மீட் டேட்டா சென்ட்ரல் என்ற கம்பெனி, 'லெக்சிஸ்' மூலமாத் தீர்ப்புகளைத் திரையிலேயே காட்டிக்கிட்டிருந்தது. 1985-ல், வெஸ்ட் புத்தகத்தில் பக்கம் எங்கெங்கே மாறுதோ அதையும் திரையில் காட்டப் போறோம்னு அறிவிச்சாங்க. வெஸ்ட் உடனே வழக்குப் போட்டுது. "எங்க பக்க எண்ணையும் குடுத்துட்டா, எங்க புத்தகத்தை யார் வாங்குவாங்க?" இதுதான் அவங்க வாதத்தோட சாரம். மீட் தரப்போ, எண் வெறும் தகவல்தான்னு சொன்னாங்க.

1986-ல் எட்டாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் வெஸ்ட் பக்கம் நின்னுது. தீர்ப்புகளை வரிசைப்படுத்தியது வெஸ்ட்டோட படைப்பு, பக்க எண்கள் அந்த வரிசையைக் காட்டிக்கொடுக்குதுன்னு சொல்லி, மீட் மேல இருந்த இடைக்காலத் தடையை உறுதி செஞ்சுது. 1988-ல் ரெண்டு தரப்பும் சமரசம் ஆனாங்க. மீட் லைசென்ஸுக்குக் காசு கட்ட ஒத்துக்கிட்டுது.

ஆனா, அவ்வளவு காசு கட்ட முடியாத சின்ன கம்பெனி என்ன செய்யும்? வெஸ்ட்டுக்கு நிகரா இன்னொருத்தர் சட்டத்தை விக்கவே முடியாதா?

காத்து திரும்பினது 1991-ல். ஒரு டெலிபோன் டைரக்டரி வழக்கில், வெறும் உழைப்புக்குக் காப்புரிமை கிடையாது, படைப்புத்தன்மை வேணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுக்கப்புறம் மேத்யூ பெண்டர், ஹைப்பர்லா என்ற ரெண்டு நிறுவனங்கள், சிடி-ராமில் வெஸ்ட்டோட பக்க எண்ணைப் போடலாம்னு அறிவிக்கக் கேட்டு வழக்குப் போட்டாங்க. 1998-ல் நியூயார்க்கில் இருக்கிற இரண்டாவது சர்க்யூட் தீர்ப்புச் சொன்னது: பக்க எண் தானா விழுறது, அதில் படைப்பு எதுவும் இல்லை. தாராளமாப் போடலாம்.

இப்போ அந்த ரெண்டு தீர்ப்பையும் தேடினா என்ன கிடைக்கும் தெரியுமா? முதலாவது, ரெண்டாம் வரிசை, தொகுதி 799, பக்கம் 1219. அடுத்தது, மூணாம் வரிசை, தொகுதி 158, பக்கம் 693. ரெண்டும் வெஸ்ட்டோட 'பெடரல் ரிப்போர்ட்டர்' பக்க எண்கள்தான். ஆனா அந்த ரெண்டாவது தீர்ப்பு வந்ததால, இந்த எண்களை எழுத வெஸ்ட்கிட்ட அனுமதி கேட்கணுமான்னு இப்போ யாரும் யோசிக்கிறதில்லை.