போர்த் திரைப்படக் கையொப்பச் சேகரம்

போர்த் திரைப்படக் கையொப்பச் சேகரம் என்பது, யுத்தத்தைப் பொருளாகக் கொண்ட பழைய ஹாலிவுட், பிரிட்டிஷ் படங்களில் நடித்தோர் தம் கைப்பட ஒப்பமிட்ட நிழற்படங்கள், சுவரொட்டிகள், கடிதங்கள், அஞ்சல் உறைகள் முதலியவற்றைத் தேடித் திரட்டிப் பாதுகாக்கும் பொழுதுபோக்காகும். நடிகர் கையொப்பங்களைத் திரட்டும் பொது வழக்கத்தின் ஒரு கிளையே இது எனினும், திரையில் சிப்பாய் வேடம் பூண்டவர்களுள் பலர் மெய்யாகவே யுத்தத்தில் இறங்கியவர்கள் ஆதலால், ஒரே கையொப்பம் சினிமா அபிமானியையும் சரித்திரம் பயில்வோனையும் ஒருங்கே இழுக்கிறது. இக்கிளைக்குத் தனி மதிப்பு உண்டானதற்கு அதுவே காரணம்.

இதற்குச் சிறந்த உதாரணம் ரிச்சர்ட் டாட். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் பாராசூட்டில் குதித்து, மேஜர் ஜான் ஹவார்ட் கைப்பற்றிக் காத்து நின்ற பெகாசஸ் பாலத்துக்குத் துணைப்படையோடு சென்ற இவரே, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் ‘தி லாங்கஸ்ட் டே’ படத்தில் அந்த ஹவார்டாகவே நடித்தார். ஜெர்மானிய அணைகளைத் தகர்த்த 617ஆம் விமானப் பிரிவின் கதையான ‘தி டேம் பஸ்டர்ஸ்’ (1955) படத்தில் தளபதி கை கிப்சன் வேடமும் இவருடையதே. 2009இல் மறையும்வரை அபிமானிகளுக்குத் தாராளமாகக் கையொப்பம் இட்டவராகையால் இவர் ஒப்பம் அரிதன்று. ஆயினும் அப்பிரிவில் உயிர் தப்பிய வீரர்கள் இவரோடு சேர்ந்து ஒப்பமிட்ட படங்களைச் சேகரிப்பாளர் பெரிதும் விரும்புவர். கிப்சனோ 1944 செப்டம்பரிலேயே விமானம் வீழ்ந்து மாண்டவர்; ஆகவே இப்படத்தின் காட்சிப் பிரதி ஒன்றில் அவருடைய ஒப்பம் காணப்படுமாயின், அது போலி என்பதற்கு வேறு பரீட்சை வேண்டுவதில்லை.

தன் வீரச் செயல்களைத் தானே நடித்துக் காட்டிய ஆடி மர்ஃபி (‘டு ஹெல் அண்ட் பேக்’, 1955) 1971இல் விமான விபத்தில் இறந்தமையால், அவருடைய ஒப்பம் கிடைத்தற்கரியது. ‘தி கிரேட் எஸ்கேப்’ (1963) படத்தில் கைதி முகாமில் கள்ளப் பத்திரங்கள் தயாரிப்பவராக நடித்த டொனால்ட் பிளசன்ஸ், தாமே ஜெர்மானியரிடம் சிறைப்பட்டிருந்த விமானப்படை வீரர்.

‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957) இலங்கையில் கித்துல்கல என்னும் ஊரருகே, களனி கங்கைக் கரையில் எடுக்கப்பட்டது. அலெக் கின்னஸ், வில்லியம் ஹோல்டன், ஜாக் ஹாக்கின்ஸ், செஸ்ஸூ ஹயகாவா ஆகிய நால்வர் ஒப்பமும் ஒரே தாளில் அமைவது அபூர்வம். ஏனெனில் பின்னிருவரும் 1973இலேயே காலமாயினர். கின்னஸுக்கு ஆஸ்கார் பரிசைத் தேடித் தந்தது இப்படமே. எனினும் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளிவந்தபின் அவர் ஒப்பத்தை நாடுவோர் அதில் அவர் பூண்ட வேடத்தின் படத்தையே கேட்பவர்களாகிவிட, போர்ப்பட அபிமானிகளும் அவர்கள் ஏற்றிய விலையைக் கொடுக்க வேண்டியவர்களாயினர். இப்படக் கதைக்கு அடிப்படையான யுத்தகால ரயில் பாதையை இடுவதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர் என்பதும், படத்தில் அவர்களுக்கு ஏறக்குறைய இடமே இல்லை என்பதும் இங்கே சொல்லத்தக்கவை.

சேகரப் பொருள்களுள் 8×10 அங்குல நிழற்படமே மிகுதி. திரையரங்கு முகப்பில் வைக்கப்பெற்ற 11×14 அங்குலக் காட்சி அட்டை அதனினும் விலையுயர்ந்தது. ‘இன்னாருக்கு’ என்று பெயர் குறித்து எழுதிய ஒப்பம் சந்தையில் விலை குறையும். ஆனால் நாலைந்து சொற்களைப் பிறர் கையெழுத்தில் பிசகின்றி எழுதுவது போலியாளனுக்கு எளிதன்றாகையால், புதிதாகத் தொடங்குவோர் அத்தகையதையே நாடுவது நலம்.

இத்துறையின் பெருந்தொல்லை போலியே. பழைய ஸ்டூடியோக்களில் நட்சத்திரங்களுக்கு மூட்டை மூட்டையாக வந்த கடிதங்களுக்குக் காரியதரிசிகளே ஒப்பமிட்டனுப்பியதுண்டு. ரப்பர் முத்திரையும், ஒப்பமிடும் யந்திரமும் பின்னர் சேர்ந்துகொண்டன. எந்த மனிதனும் தன் ஒப்பத்தை இருமுறை அணுப்பிசகாமல் இடுவதில்லை என்பதால், இரண்டு ஒப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கையில் முற்றும் பொருந்துமாயின் அது யந்திரத்தின் வேலை. நிழற்படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், கையால் இட்ட மையின் கோடு படத்தின் பளபளப்பினின்று வேறுபட்டுத் தெரியும். படத்தோடு சேர்த்து அச்சிட்டதாயின் அவ்வேறுபாடு இராது. மையும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும்: ‘சஹாரா’ (1943) படத்தில் நடித்த ஹம்ஃப்ரி போகார்ட் 1957இல் இறந்தவர்; 1964இல் விற்பனைக்கு வந்த ஷார்ப்பி பேனாவின் தடித்த கறுப்புக் கோட்டில் அவர் பெயரைக் கண்டால் பேரம் பேசவேண்டியதில்லை. ஏறத்தாழ 1950க்குப் பின் காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்கப்பட்டமையால், அதற்கு முந்தியதென்று விற்கப்படும் தாள் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகிக்க வேண்டும். விற்போர் கூடவே நீட்டும் நற்சாட்சிப் பத்திரம், அதைத் தந்தவரின் யோக்கியதைக்கு மேல் ஒரு காசும் பெறாது.

ஒப்பமிட்ட தாளை அமிலமற்ற அட்டையோடு பாலியெஸ்டர் உறையிலிட்டு, வெயிலும் ஈரமும் படாமல் வைப்பர். சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவோர் கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி விடுதல் அவசியம். இல்லையேல் ஈரக்காலத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முயன்றால் ஒப்பமும் உரிந்துவரும்.