தபாலட்டையில் வந்த ஐம்பது பாடல்கள்

ஆண்டின் கடைசி மாதங்களில் இங்கிலாந்தின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் வாழ்ந்த இளைஞர் பலர் ஒரு சிறு கடமையை மிகுந்த சிரத்தையுடன் செய்து வந்தனர். அவ்வாண்டு முழுவதும் இரவில் வானொலியருகே இருந்து கேட்ட பாடல்களுள் தமக்கு மிகப் பிடித்த மூன்றினைத் தெரிந்து, தபாலட்டையில் எழுதி, பி.பி.சி. நிலையத்துக்கு அனுப்பினர். அவ்வட்டைகளை எண்ணிக் கணக்கிட்டு, ஐம்பதாம் இடத்திலிருந்து முதலாம் இடம் வரை ஒவ்வொன்றாக நத்தார்க் காலத்து இரவுகளில் ஒலிபரப்பியவர் ஜோன் பீல் என்னும் அறிவிப்பாளர். 'பண்டிகைக்கால ஐம்பது' என்று அந்நிரலுக்குப் பெயர் வழங்கிற்று. விற்பனைக் கணக்கைப் பாராது நேயர்களின் விருப்பத்தை மாத்திரம் அளவுகோலாகக் கொண்ட அந்நிரல், பின்னர் 'இண்டி' என்று பெயர் பெற்ற சுயாதீன இசையின் வரலாற்றை அறிய விரும்புவோருக்கு ஒரு நாட்குறிப்புப் போல உதவுகின்றது.

ஜோன் பீலின் இயற்பெயர் ஜோன் றேவன்ஸ்குறொஃப்ட். 1939ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் திகதி, லிவர்ப்பூல் நகருக்கு அண்மையிலுள்ள ஹெஸ்வோல் என்னும் ஊரில், பருத்தி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1960இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குச் சென்றார். அங்கே பீற்றில்ஸ் குழுவின் புகழ் பரவிய காலத்தில், லிவர்ப்பூலுக்கு அருகிற் பிறந்தவர் என்ற ஒரே தகுதியால் டல்லஸ் நகர வானொலி நிலையம் ஒன்று அவரைப் பீற்றில்ஸ் நிபுணராக்கிக் கொண்டது. பிறந்த ஊரே ஒருவனுக்குத் தொழில் தேடிக் கொடுத்த விந்தை அது. 1967இல் தாயகம் திரும்பிய அவர், கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பலிலிருந்து அனுமதியின்றி ஒலிபரப்பிய றேடியோ லண்டனிற் சிலகாலம் பணிபுரிந்தார். அவ்வாண்டு ஓகஸ்டில் புதிய சட்டம் அந்நிலையத்தின் வாயை அடைத்தது. செப்டெம்பர் 30ஆம் திகதி பி.பி.சி. தனது றேடியோ வண் சேவையைத் தொடங்கியபோது பீலும் அங்கே சேர்ந்தார். இறக்கும் வரை, 37 ஆண்டுகள், அவர் அச்சேவையை விட்டு நீங்கவில்லை.

அக்காலத்தில் பி.பி.சி. விரும்பியபடியெல்லாம் இசைத்தட்டுகளைச் சுழலவிட இயலாது. வானொலி ஓயாது தட்டுகளை ஒலிபரப்பினால் தம் தொழில் நலிந்துவிடும் என இசைக்கலைஞர் சங்கம் அஞ்சியது. அதனால், நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம் மாத்திரமே தட்டுகளை ஒலிபரப்பலாம் என்றொரு கட்டுப்பாடு 1988ஆம் ஆண்டு வரை நிலவியது. எஞ்சிய நேரத்தை நிரப்புவதற்கு இசைக்குழுக்கள் நிலையத்தின் கலையகத்துக்கே அழைக்கப்பட்டன. ஒரே நாளில் நான்கு பாடல்கள் வரையிற் பதிவாகும். கட்டுப்பாடாக வந்த இவ்விதி பீலின் கையில் வரமாக மாறிற்று. தட்டு வெளியிடப் பணமில்லாத குழுவினரும் அவரது நிகழ்ச்சியிற் பாடலாம் என்றாயிற்று. அவருக்காகப் பதிவான அமர்வுகள் 4,000க்கும் மேற்பட்டவை. 'த ஃபோல்' என்னும் மன்செஸ்டர்க் குழு மாத்திரம் 24 முறை வந்து பாடியது.

பண்டிகைக்கால ஐம்பது முதன்முதலாக 1976இல் ஒலித்தது. ஆண்டு வரையறையின்றி, எக்காலத்துப் பாடலையும் நேயர்கள் தெரிவுசெய்யலாம் என்பதே அன்றைய விதி. முதலிடம் பெற்றது லெட் செப்பெலின் குழுவின் 'ஸ்டெயர்வே ரு ஹெவன்'. அது 1971இல் வெளியானது. அடுத்த ஆண்டு பீல் வாக்குக் கேட்கவில்லை. தமது விருப்பப்படியே ஒரு நிரலை அமைத்துக் கொண்டார். 1978இல் மீண்டும் நேயர்களைக் கேட்டபோது, விடை தலைகீழாக மாறியிருந்தது. செக்ஸ் பிஸ்ரல்ஸ் குழுவின் 'அனாக்கி இன் த யூ.கே.' முதலிடத்தில் நின்றது. 1979இலும் 1980இலும் அவ்விடத்தை விடவில்லை. நீண்ட வாத்திய வாசிப்புகளை விரும்பிய கூட்டத்தினர், மூன்று நிமிடத்தில் முடியும் முரட்டுப் பாடல்களுக்கு இரண்டே ஆண்டுகளில் மாறிவிட்டனர் என்று கொள்வதா? அன்று, கேட்போரே மாறிவிட்டனர் என்பதே பொருத்தம். பழையவர் சிலர் விலக, இளையோர் வந்து சேர்ந்தனர்.

அவ்விளையோரிற் சிலர் கேட்பதோடு நில்லாது தாமே தட்டு வெளியிடவும் முனைந்தனர். மன்செஸ்டரைச் சேர்ந்த பஸ்கொக்ஸ் குழுவினர் உற்றார் நண்பரிடம் ஏறக்குறைய 500 பவுண் கடன் வாங்கி, 1976 டிசம்பர் 28ஆம் திகதி நான்கு பாடல்களைப் பதிவுசெய்தனர். 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிராச்' என்ற பெயரில், தமது சொந்தப் பெயர்ப்பட்டியின் கீழ், ஆயிரம் தட்டுகளை அச்சிட்டனர். அவை விரைவில் விற்றுத் தீர, மேலும் பல்லாயிரம் அச்சிட வேண்டியதாயிற்று. பெருங் கம்பனியின் தயவின்றியும் ஒரு பாட்டை உலகுக்குக் கொடுக்கலாம் என்ற துணிவு அதன்பின் ஊர்தோறும் பரவியது. இலண்டனில் ஜெஃப் ட்றவிஸ் 1976இல் திறந்த றஃப் ட்றேட் கடை, 1978இல் தானே வெளியீட்டகமாயிற்று. மன்செஸ்டரில் ஃபக்ரறி எழுந்தது. பெல்ஃபாஸ்ற் நகரில் குட் வைபிறேஷன்ஸ் என்னும் சிறு நிலையம் அண்டர்ரோன்ஸ் குழுவின் 'ரீனேஜ் கிக்ஸ்' பாடலை 1978இல் வெளியிட்டது. பீல் அதனை ஒரே நிகழ்ச்சியில் இருமுறை தொடர்ந்து ஒலிபரப்பினார். அப்பாடலின் அடியொன்று இன்று அவரது கல்லறைக் கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கின்றது.

1980 ஜனவரியிற் சுயாதீனத் தட்டுகளுக்கெனத் தனி விற்பனை நிரல் தோன்றியது. 'ஸ்பிஸ்எனேர்ஜி' என்னும் குழு அதன் முதலாவது முதலிடத்தைப் பெற்றது. இசையின் தன்மை அந்நிரலிற் கணக்கில் எடுக்கப்படவில்லை. பெருங் கம்பனிகளின் விநியோக வண்டியில் ஏறாமற் கடைக்குச் சென்ற தட்டாயின் போதும். இதனால் 1988இல் கைலி மினோக்கின் நடனப் பாடல்களும் அந்நிரலின் உச்சிக்கு ஏறின. கிற்றார் ஏந்திய இளைஞர்கள் அன்று முகஞ் சுளித்திருப்பர். ஒரு சொல் விநியோக முறையைக் குறித்துத் தொடங்கி, இசையின் சாயலைக் குறிப்பதாக மெல்ல மாறிய கதை இது.

1981இல் முதலிடம் பெற்ற 'அட்மொஸ்ஃபியர்' இவ்வகையில் நினைக்கத்தக்கது. ஜோய் டிவிஷன் குழுவின் அப்பாடல் 1980இல் பிரான்ஸில் முதன்முதல் வெளிவந்தபோது அச்சிடப்பட்ட தட்டுகள் 1,578 மாத்திரமே. சில வாரங்களின் பின், மே 18ஆம் திகதி, குழுவின் பாடகர் இயன் கேட்டிஸ் தமது 23ஆவது வயதில் உயிரை மாய்த்துக் கொண்டார். ஆயிரத்துச் சொச்சம் தட்டுகளாகப் பிறந்த ஒரு பாட்டு நாடு முழுதும் நேயர்களின் நெஞ்சில் இடம்பிடித்ததற்கு இரவு வானொலியே பெரிதும் வழிசெய்தது.

எக்காலத்துப் பாடலும் வரலாம் என்றிருந்தால் அதே பழம்பாடல்களே ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும். ஆகவே 1982 முதல், அவ்வாண்டுக்குரிய பாடல்களே எண்ணப்பட்டன. 1983இல் நியூ ஓடர் குழுவின் 'புளூ மண்டே', 1984இலும் 1986இலும் ஸ்மித்ஸ் குழுவின் பாடல்கள், 1987இல் ஐஸ்லாந்திலிருந்து வந்த சுகர்கியூப்ஸ் குழுவின் 'பேர்த்டே' என முதலிடங்கள் அமைந்தன. பியோக் என்னும் பாடகியின் குரலை இங்கிலாந்து கேட்டுணர்ந்தது இக்கடைசிப் பாடலில்தான்.

ஆயினும் பீலுக்கு இந்நிரல் முழு நிறைவைத் தரவில்லை. அவரது நிகழ்ச்சியில் யமேக்காவின் றெகேயும், சிம்பாப்வேயின் புண்டு போய்ஸ் குழுவின் கிற்றார் இசையும், அமெரிக்கக் கறுப்பின இளைஞரின் ஹிப் ஹொப்பும் இடைவிடாது ஒலித்தன. தபாலட்டைகளை எண்ணும்போதோ, கிற்றார் ஏந்திய வெள்ளை இளைஞரின் பாடல்களே மேலெழுந்தன. இக்குறையை அவர் ஒலிவாங்கியின் முன்னேயே கூறிக்கொண்டார். 1991ஆம் ஆண்டின் நிரல் உரிய காலத்தில் ஒலிபரப்பாகவேயில்லை. நிர்வாணா குழுவின் பாடல் முதலிடம் பெற்ற அந்த 'மறைந்த ஐம்பது', 1993இல் வாரத்துக்கு ஒரு பாட்டாக வெளிவந்தது. நேயர்களிடம் அதிகாரத்தை ஒப்படைத்த அறிவிப்பாளர் அவர்களின் தீர்ப்பை விரும்பாவிடின் யாது செய்வது? பீல் முணுமுணுத்தார், ஆனால் வாக்குகளைத் திருத்தவில்லை. மறுபடியும் அடுத்த ஆண்டு வாக்குக் கேட்டார். அவரது பெருமையில் ஒரு பாதி இதிலே அடங்கியிருக்கின்றது.

நேயர்கள் அவரை வியப்பில் ஆழ்த்திய ஆண்டும் உண்டு. பஞ்சாபி மரபினரான ஜிந்தர் சிங் தலைமையேற்ற கோணர்ஷொப் குழு, 1997 ஓகஸ்டில் 'பிறிம்ஃபுல் ஒஃப் ஆஷா' என்ற பாடலை வெளியிட்டது. இந்திப் படங்களின் பின்னணிப் பாடகியான ஆஷா போஸ்லேயையும் பழைய இசைத்தட்டுகளையும் அன்போடு போற்றும் பாட்டு அது. கடைகளில் அது சரியாக விலைபோகவில்லை. பொது விற்பனை நிரலில் 60ஆம் இடத்தோடு நின்றது. பீலின் நேயர்களோ அவ்வாண்டின் முதற் பாட்டு அதுவே என்றனர். இரண்டு மாதங்களின் பின், 1998 பெப்ரவரியில், நோர்மன் குக் அதனைத் துரிதப்படுத்தி மாற்றியமைத்த வடிவம் நாட்டின் விற்பனை நிரலில் முதலிடத்துக்கு ஏறியது. சந்தை பின்னர் கண்டுகொண்டதைத் தபாலட்டைகள் முன்னரே சொல்லியிருந்தன.

பின்னர் தபாலட்டையின் இடத்தை மின்னஞ்சல் பிடித்தது. வாக்களிப்பது எளிதாயிற்று, ஆட்களைத் திரட்டி வாக்களிக்கச் செய்வதும் எளிதாயிற்று. 2002இல் சலூன் என்னும் குழு முதலிடம் பெற்றபோது அத்தகைய ஐயம் எழுந்தது. ஒரு தபாலட்டைக்கு முத்திரை வாங்கி, கையால் எழுதி, பெட்டியில் இட நடந்து சென்றவனின் வாக்குக்கு இருந்த கனம் வேறுதான்.

2004 ஒக்டோபர் 25ஆம் திகதி, பெரு நாட்டின் குஸ்கோ நகரிற் பயணத்திலிருந்தபோது, பீல் மாரடைப்பால் இறந்தார். வயது 65. சஃபக் மாவட்டத்து இல்லத்தில் அவர் விட்டுச் சென்ற இசைத்தட்டுகளுள் நெடுந்தட்டுகள் மாத்திரம் ஏறக்குறைய 26,000. அவ்வாண்டின் ஐம்பது நிறுத்தப்படவில்லை. நேயர்கள் வழமைபோல வாக்களித்தனர். டிசம்பரில் வேறு குரல் நிரலை வாசித்தது. பெயர்சூட் என்னும் சிறு குழுவின் 'சார்ஜர்' முதலிடம் பெற்றது. 2005இன் பின் பி.பி.சி. அதனைக் கைவிட, 2006 முதல் டண்டிலையன் றேடியோ என்னும் இணைய வானொலி அதனை ஏற்று நடத்தத் தொடங்கியது. டண்டிலையன் என்பது பீல் இளமையில் தொடங்கி, சில ஆண்டுகளில் மூடிவிட்ட அவரது சொந்த வெளியீட்டகத்தின் பெயர்.