எண்ணிக்கை சரி, அளவு?

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வண்ணப் புத்தகத்தோடு வந்தார். பேரனுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங். "லேப் வசதியெல்லாம் போட்டிருக்காங்க. ஸ்டோர்ஸ்ல இருந்தவரு நீங்க, பார்த்துச் சொல்லுங்க சார்" என்றார். சி.என்.சி. லேத்து இத்தனை, மில்லிங் மெஷின் இத்தனை, முப்பரிமாண பிரிண்டர் இத்தனை என்று வரிசையாக இருந்தது. நான் வருடக்கணக்கில் எழுதிய இருப்புப் பதிவேடு மாதிரியே இருந்தது. அவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் முதலில் வந்தது பட்டறை. கல்லூரி பிறகுதான் வந்தது. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில் ஓட உதிரிப்பாகம் வேண்டும், தோட்டத்துக் கிணற்றுக்குப் பம்ப் வேண்டும். அதற்காக லேத்துப் பட்டறைகள் முளைத்தன.

பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு பிள்ளைகள் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கு எழுதி வைத்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1926-ல் அந்த அறக்கட்டளையோடு தொழிற்கூடமும் தொடங்கியது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தது 1951-ல்தான். அதாவது கல்லூரிக்குத் தொழிற்கூடம் 25 வயது மூத்தது. சாண்ட்விச் படிப்பு மாணவர்கள் அங்கேயே போய் வேலை பழகினார்கள். அங்கே வார்த்ததும் கடைந்ததும் விலைக்குப் போகும் சரக்கு. மார்க்குக்காகச் செய்துவிட்டு மூலையில் போடும் இரும்புத் துண்டு அல்ல.

ஜி.டி. நாயுடுவின் கொடையால் 1945-ல் தொடங்கிய கல்லூரிக்கு அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர். கல்லூரி பிறகு தடாகம் சாலைக்குப் போய் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகிவிட்டது. ஆனாலும் அவிநாசி ரோட்டில் பஸ் கண்டக்டர் இன்றைக்கும் "ஹோப் காலேஜ்" என்றுதான் கூவுகிறார். நான்கு வருடப் படிப்பு காலவிரயம் என்பது நாயுடுவின் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிக்கொண்டார். அவர் சொன்னது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. மெஷினில் கை வைக்காத படிப்பு படிப்பாகாது என்று அவர் நினைத்தது மட்டும் எனக்குப் புரிகிறது. புரிந்தது என் சொந்தத் தவறால்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கல்லூரி ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில் வெர்னியரை "வெர்னியே" என்றும், மைக்ரோமீட்டரை "பால்மேர்" என்றும் சொல்லி ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. இரண்டுமே ஆள் பெயர்கள்தான். பியேர் வெர்னியே தன் அளவுகோலை வெளியிட்டது 1631-ல். பாரிஸ்காரர் பால்மேர் மைக்ரோமீட்டருக்குக் காப்புரிமை வாங்கியது 1848-ல். பெயர்க்காரணம் தெரிந்த எனக்குப் பொருளைப் பிடிக்கத் தெரியவில்லை.

ஒரு வருடம் இருப்புச் சரிபார்ப்புக்கு அளவியல் ஆய்வகம் போனேன். மரப்பெட்டியில் ஸ்லிப் கேஜ் என்னும் எஃகுக் கட்டைகள், மொத்தம் 87. தேவையானதைப் பொறுக்கி ஒன்றோடொன்று அழுத்தித் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். 41.125 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 1.005, 1.12, 9, 30 ஆகிய நான்கையும் சேர்த்தால் போதும். மற்ற அளவு கருவிகள் சரியா என்று சோதிப்பதே இவற்றை வைத்துத்தான். நான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எண்ணினேன். சித்திரை மாதம், கையெல்லாம் வியர்வை.

லேப் மெக்கானிக் பெரியவர் ஓடிவந்தார். "எண்ணிக்கை சரிங்க தம்பி. அளவுதான் போயிருமுங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. 87 கட்டைகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்து, வேசலின் தடவி வைத்தார். வீட்டுக்குப் போக இருட்டிவிட்டது. நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன்.

வியர்வை பட்டால் ஒரே இரவில் துரு பிடிக்கலாம் என்றும், கைச்சூடு பட்டாலே எஃகு நீளும் என்றும் அன்று தெரிந்துகொண்டேன். 100 மில்லிமீட்டர் எஃகு 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.011 மில்லிமீட்டர் கூடும். அதனால்தான் அந்த அறைக்கு 20 டிகிரி என்று உலகம் முழுவதும் வைத்திருக்கிறார்கள். அதுவரை அங்கிருந்த ஏ.சி.யைப் பேராசிரியரின் சொகுசு என்றே நினைத்திருந்தேன்.

என் பதிவேட்டில் "ஸ்லிப் கேஜ் பெட்டி – 1" என்று ஒரே வரி. அந்தப் பெரியவருக்கு அதில் வரியே கிடையாது. அவர் ஓய்வு பெற்ற அன்று சாவிக்கொத்தை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார். சாவியை எண்ணி வாங்கி வைத்தவன் நான்தான்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "காலேஜைப் பார்க்கப் போகும்போது எத்தனை மெஷின் என்று கேட்காதீர்கள். லேப்பில் மெக்கானிக் யார், எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். பையனை மெஷின் தொட விடுவார்களா என்றும் கேளுங்கள்" என்றேன். புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தார்.

"அது இதுல போடலீங்களே சார்" என்றார்.