கஞ்சியில் குழைக்கும் கறுப்புத் தூள்

வானூர்ப் பக்கத்துச் செம்மண்ணில், பூவெடுத்த மல்லாட்டைச் (நிலக்கடலை) செடி ஒன்றை வேரோடு பிடுங்கி மண்ணை உதறிப் பாருங்கள். வேர் நெடுகக் கடுகு கடுகாக முண்டுகள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே ரத்தச் சிவப்பு. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

முடிச்சின் ரகசியம் வெளிப்பட்டது 1886இல், ஜெர்மனியில். ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் சத்தில்லாத மணலில் பட்டாணி விதைத்தார்கள், செடி சோர்ந்தது. வயல்மண் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றியதும் துளிர்த்தது. அதே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினால் பலனில்லை. ஆக, மண்ணில் ஏதோ உயிர் இருக்கிறது! காற்றின் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் அந்த பாக்டீரியாவை 1888இல் பைஜரிங்க் தனியே பிரித்தெடுத்தார். 1896இல் நோபே, ஹில்ட்னர் இருவரும் அதை 'நைட்ரஜின்' என்று புட்டியில் அடைத்து விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

நம் ஊருக்கு அது புட்டியில் வரவில்லை, பாக்கெட்டில் வந்தது. இந்தியாவில் 1920இலேயே என்.வி. ஜோஷி இந்த பாக்டீரியாவை ஆராய்ந்திருக்கிறார். பிறகு கோவை வேளாண் பல்கலைக்கழகம் மல்லாட்டைக்கென்று 'டிஎன்ஏயு 14' என்ற பாக்டீரியா ரகத்தைத் தேர்ந்தெடுத்தது. நுண்ணுயிரைத் தாங்கிவரும் கறுப்புத் தூள் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் தோண்டுகிறார்களே, அந்த இனம்தான். ஹெக்டேருக்கான விதைக்கு 200 கிராம் பாக்கெட் மூன்று. ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, பருப்பின் தோல் உரியாமல் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும்.

பருப்பில் கால் பங்கு புரதம். புரதமோ தழைச்சத்தில் விளைவது. விதை திரட்சிக்கு முடிச்சு வேண்டும் என்பது அதனால்தான். ஆனால் மந்திரம் எதுவுமில்லை. காலங்காலமாக மல்லாட்டை போட்ட நிலத்தில் உள்ளூர் பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கும். அங்கே பாக்கெட்டால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். புதிதாகத் திருத்திய காட்டில்தான் அதன் அருமை தெரியும். மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய நிலமென்றால் உப்பே முடிச்சைக் கெடுக்கும். முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

பூஞ்சாண மருந்தும் கலப்பதானால் அதை முதலில் கலந்து, 24 மணி நேரம் விட்டு, பிறகு கஞ்சியை எடுங்கள். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலில் கிடந்த பாக்கெட்டில் வெறும் கரித்தூள்தான் மிச்சமிருக்கும்.