பீஜப்பூரில் ஒரு நாள் - தஞ்சாவூருக்கு வந்த வழி

புனேயில் குடியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம் பீஜப்பூர் என்று சொல்லிப் பாருங்கள். டக்கென்று "அப்சல்கான்!" என்பார்கள். மகாராஷ்டிரா பாடத்திட்டத்தில் நாலாம் வகுப்பு சரித்திரம் முழுக்க சிவாஜி மகாராஜாதான். அதில் பீஜப்பூர் என்பது வில்லன் வீடு. ஊரில் படித்த நமக்கோ தலைக்கோட்டைப் போர், 1565, ஐந்து மார்க். அதோடு சரி.

தஞ்சாவூர் அரண்மனைக்கு மராத்தி எப்படி வந்தது, பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரன் யாரைக் கேட்டுக் கடை விரித்தான் என்று தேடிப் போனால் இரண்டு வழியும் பீஜப்பூரில்தான் போய் முடியும். நான் படித்த பள்ளிப் புத்தகத்தில் இது இல்லை. தங்கமணியும் பையனும் லீவுக்குக் கும்பகோணம் போயிருந்த ஒரு சனிக்கிழமை தனியாகக் கிளம்பிவிட்டேன். ராத்திரி ரயிலில் சோலாப்பூர், அங்கிருந்து பஸ்ஸில் நூறு கிலோமீட்டர். 2014 முதல் ஊருக்கு அரசாங்கப் பெயர் விஜயபுரா. கல்யாணிச் சாளுக்கியர் காலத்துப் பழைய பெயர்தான் அது. கண்டக்டர் என்னவோ "பீஜப்பூர், பீஜப்பூர்" என்றுதான் கூவினார்.

முதலில் கோல் கும்பஸ். முகமது ஆதில் ஷா (1627-1656) தனக்காகக் கட்டிக்கொண்ட சமாதி. உள்ளே நடுவில் ஒரு தூண் கிடையாது. தலைக்கு மேலே சுமார் 38 மீட்டர் அகலத்துக்கு ஒரே குவிமாடம். சதுரமான அறை மேல் வட்டமான கூரையை எப்படி உட்கார வைத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. எட்டு வளைவுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி நட்சத்திரம் மாதிரி எழும்புகின்றன. சதுரம் எண்கோணமாகி, அப்படியே வட்டமாகிவிடுகிறது. குவிமாடம் சுவரை வெளியே தள்ளப் பார்க்கும். இந்த வளைவுகளின் கனம் உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தத் தள்ளலை இழுத்துப் பிடிக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாமல் போட்ட கணக்கு, ஐயா!

மேலே சுற்று மாடத்தில் சுவரோரம் ரகசியம் பேசினால் எதிர்ப்பக்கம் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். தனியாகப் போனவன் யாரிடம் ரகசியம் பேசுவது? ஒருமுறை கைதட்டினேன். திரும்பத் திரும்ப எதிரொலித்து அடங்கியது. அதற்குள் ஒரு பள்ளிக்கூடமே மேலே ஏறி வந்துவிட்டது. அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம், உங்கள் காது பாவம் :-)

கீழே இறங்கி நிழலில் உட்கார்ந்தபோது யோசித்தது ஒன்று. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? 1636-இல் ஷாஜஹானோடு உடன்படிக்கை ஆனது. மொகலாயர் அங்கே மலை மாதிரி நிற்க, வடக்கே விரிய வழியில்லை. அதனால் பீஜப்பூர் தெற்கே திரும்பியது. தளபதி ரணதுல்லா கானோடு புறப்பட்டவர்களில் ஒருவர் ஷாஜி போன்ஸ்லே, சிவாஜியின் அப்பா. அகமதுநகர் அரசு அழிந்ததும் பீஜப்பூரில் வேலைக்குச் சேர்ந்தவர். 1638-இல் பெங்களூர் அவர் ஜாகீர் ஆனது. 1649 வாக்கில் செஞ்சிக் கோட்டை பீஜப்பூர் கைக்கு வந்தது. கோல் கும்பஸ் சுண்ணாம்பில் நம்மூர் நெல் வரியும் கொஞ்சம் கலந்திருக்கும் என்பது என் கணக்கு.

ஷாஜியின் இன்னொரு மகன் ஏகோஜி. மதுரை சொக்கநாத நாயக்கர் 1673-இல் தஞ்சாவூரைப் பிடித்துக்கொண்டார். தஞ்சை நாயக்கர் வாரிசை மறுபடி உட்கார வைக்கச் சொல்லி பீஜப்பூர் ஏகோஜியை அனுப்பியது. போனவர் மதுரைக்காரர்களை விரட்டினார், கொஞ்ச நாளில் தானே உட்கார்ந்துகொண்டார். அப்போது பீஜப்பூர் சிம்மாசனத்தில் இருந்தது சிக்கந்தர் என்ற சின்னப் பையன். கேட்பார் யார்? அந்த வம்சம்தான் 1855 வரை தஞ்சாவூரில் இருந்தது. சரபோஜி, சரஸ்வதி மகால் எல்லாம் இந்த வழி வந்தவை. (சாம்பார் கதையும் ஒன்று உண்டு. அது கதைதான்.) அதே சமயம் வாலிகண்டபுரத்தில் பீஜப்பூரின் ஆளாக இருந்தவர் ஷேர் கான் லோதி. பிரெஞ்சுக்காரர்களுக்குப் பாண்டிச்சேரியில் இடம் கொடுத்தவர் அவர்தான்.

பையனின் பாடப் புத்தகத்தோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1659-இல் பிரதாப்கட்டில் அப்சல்கானை சிவாஜி கொன்றபோது, அப்பா ஷாஜி தெற்கே பீஜப்பூர் சர்தாராகத்தான் இருந்தார். 1664-இல் சாகும்வரை அப்படித்தான். இந்து ஒரு பக்கம், முஸ்லிம் ஒரு பக்கம் என்று கோடு போட்டால் இந்த ஒரு குடும்பத்தையே அதற்குள் அடக்க முடியாது.

தலைக்கோட்டையும் அப்படியேதான். ஜாமி மசூதியைக் கட்டத் தொடங்கிய முதலாம் அலி ஆதில் ஷா அந்தப் போரில் ராமராயருக்கு எதிராக நின்றவர். ஆனால் சில வருடம் முன்பு இருவரும் கூட்டாளிகள். ராமராயரின் மகன் இறந்தபோது அலி கொஞ்சம் குதிரை வீரர்களோடு நேரில் விஜயநகரம் போய்த் துக்கம் விசாரித்தார் என்று எழுதியிருப்பது, பீஜப்பூர் அரசவையிலேயே இருந்த பெரிஷ்டா.

மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்டோ பிடித்து மாலிக்-எ-மைதான் பார்த்தேன். 1549-இல் அகமதுநகரில் வார்த்த பீரங்கி, எடை 55 டன். வாய் சிங்க முகம், பல்லிடுக்கில் ஒரு யானை நசுங்குகிறது. பாவம். இரண்டாம் அலியின் சமாதியான பாரா கமான், வெறும் வளைவுகளோடு பாதியில் நின்றுபோனது. 1686-இல் ஔரங்கசீப் முன் சிக்கந்தர் சரணடைந்தது ககன் மகாலில்தான் என்று சொல்வார்கள். இரண்டையும் வேகமாகப் பார்த்துவிடலாம்.

வேகம் கூடாத இடம் இப்ராகிம் ரௌசா. இரண்டாம் இப்ராகிமும் ராணி தாஜ் சுல்தானாவும் இங்கே இருக்கிறார்கள். கோல் கும்பஸ் மிரட்டும், இது அப்படிச் செய்யாது. எழுத்துக்களையே ஜன்னல் சட்டமாகக் குடைந்திருக்கிறார்கள். வெளிச்சம் எழுத்தின் இடுக்கு வழியாக உள்ளே வருகிறது. இந்த மனிதர் சங்கீதப் பைத்தியம். தக்னி மொழியில் 'கிதாப்-எ-நௌரஸ்' என்று பாட்டுப் புத்தகம் எழுதினார். அதில் சரஸ்வதிக்கும் வணக்கம் உண்டு. ஜகத்குரு பாதுஷா என்றே பெயர் வாங்கியவர். சாயங்கால வெயிலில் அங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், எதையும் படிக்காமல்.

போகிறவர்களுக்கு: கோல் கும்பஸுக்குக் கதவு திறந்ததும் போய்விடுங்கள், கூட்டம் வந்தால் எதிரொலி வெறும் இரைச்சல்தான். மாடிப்படி குறுகல், செங்குத்து. ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களை எதிரே நக்கார் கானா மியூசியத்தில் உட்கார வைத்துவிட்டு ஏறுங்கள். தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்தச் சரித்திரப் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தடவை நான் அப்படித்தான் போகப் போகிறேன்.