நடுக்குவாதம்: ஒரு பெயரின் வரலாறு

அரபு மொழியில் ஒரு நோய்க்கு ‘அஷ்ஷலலுர் ரஅ்ஆஷ்’ என்று பெயர். ‘ஷலல்’ என்றால் முடக்குவாதம். ‘ரஅ்ஆஷ்’ என்றால் நடுங்குவது. தமிழில் அதையே நடுக்குவாதம் என்கிறோம். இவ்விரு பெயர்களும் 1817ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் வெளியிட்ட சிறுநூலின் தலைப்பை ஒத்தவை.

அந்நூலில் அவர் விவரித்த நோயாளிகள் அறுவரே. அவர்களுள் இருவரைத் தெருவில் சந்தித்தார். ஒருவரைத் தொலைவிலிருந்து கண்டதோடு சரி. ஆயினும், ஓய்ந்திருக்கும் கை நடுங்குவதையும், உடல் முன்சாய்ந்து நடை ஓட்டமாக மாறுவதையும் துல்லியமாகப் பதிவு செய்தார்.

பின்னர், பாரிஸ் நகரின் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்கோ என்னும் நரம்பியல் அறிஞர் அப்பெயரை ஏற்க மறுத்தார். இந்நோயாளரின் தசை வலிமை பெரிதும் குன்றுவதில்லை. எல்லாருக்கும் நடுக்கமும் காண்பதில்லை. ஆகவே, முன்னவர் பெயராலேயே ‘பார்க்கின்சன் நோய்’ என அதனை வழங்கலானார்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. நடுக்கத்தை மட்டுமே எதிர்பார்க்கும் குடும்பத்தார் பிற அடையாளங்களைக் காணத் தவறுகின்றனர். வாப்பாவின் முகத்தில் சிரிப்பில்லையெனில் கோபம் என்கின்றனர். குரல் தாழ்ந்தால் அலட்சியம் என்கின்றனர். சட்டைக்குப் பொத்தானிட நேரமானால் சோம்பல் என்கின்றனர். அனைத்தும் அந்நோயின் விளைவாக இருக்கக்கூடும் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

நோயின் உட்காரணத்தை 20ஆம் நூற்றாண்டு காட்டியது. நடுமூளையிலுள்ள கருநிறப் பகுதியின் உயிரணுக்கள் அழிவதை 1919இல் திரெத்தியாக்கோஃப் எடுத்துரைத்தார். இயக்கத்திற்கு வேண்டிய டோபமைன் என்னும் பொருள் இந்நோயாளரின் மூளையில் குறைந்திருப்பதை 1960இல் வியன்னா ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பின்னர் அமெரிக்காவில் கோட்சியாஸ், லெவோடோபா மருந்தைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து அதன் பயனைக் காட்டினார். அம்மருந்து இயக்கத்தை எளிதாக்கும், நோயை வேரறுக்காது.

எனவே, மருந்தைக் குறித்த நேரத்தில் கொடுப்பது உறவினரின் முதற்கடமை. மருத்துவரைக் கேளாமல் அதனை நிறுத்தலாகாது. மருந்தின் வீரியம் தணியும் வேளையில், சற்று முன் நடந்தவர் நிற்கவும் தடுமாறுவார், அது நடிப்பன்று. கையைப் பிடித்திழுக்காமல் உடன் நடக்க வேண்டும். அவரால் இயன்றதை அவரே செய்ய விட வேண்டும். கேள்வி கேட்டால், விடை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

மருத்துவ உலகம் ஒரு பெயரைத் திருத்திக்கொண்டது. கோபம், அலட்சியம், சோம்பல் என்று நம் இல்லங்களில் நாம் சூட்டும் பெயர்களும் திருத்தப்பட வேண்டியவையே.